வீட்டில் எரிவாயு கசிந்தால் எப்படித் தெரியும்?

(அப்புத்தளையில், வீடு திரும்பும் குடும்பங்களுக்காக நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சாமான் கட்டுகிற வேலையை வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். பிள்ளைகளையும் கூட்டி வந்தது நல்லது. இன்றைக்குச் சொல்லப்போவதைப் பெரியவர்களை விடப் பிள்ளைகள் நன்றாக நினைவில் வைத்திருப்பார்கள்.

நானும் இந்த மலையில் பிறந்தவன்தான். அம்மா கொழுந்தெடுத்தார், அப்பா ஸ்டோரில் வேலை செய்தார். வளைகுடா நாடொன்றில் எரிவாயு நிலையத்தில் ஒன்பது வருடம் வேலை செய்தேன். எரிவாயு கசிந்தால் சத்தம் போடும் கருவிகள் அங்கே சுவரிலும் தூணிலும் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றும் சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பதே என் வேலை.

அந்தக் கருவியின் தம்பி ஒன்று இந்த நிலையத்தின் பொதுச் சமையலறையிலும் இருக்கிறது. சிலிண்டருக்குப் பக்கத்தில், சுவரின் அடியில், பச்சை வெளிச்சம் எரியும் சின்ன வெள்ளைப் பெட்டி. ஒருநாள் காலையில் அது அலறியதும் எல்லோரும் வெளியே ஓடி வந்ததும் நினைவிருக்கும். சிலிண்டர் மாற்றியவர் ரெகுலேட்டரைச் சரியாகப் பூட்டவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நாளைக்கு நீங்கள் போகும் வீட்டில் அந்தப் பெட்டி இருக்குமோ இருக்காதோ தெரியாது. இருந்தால் அதை எப்படி வைத்துக்கொள்வது, இல்லாவிட்டால் என்ன செய்வது, இந்த இரண்டையும் பேசத்தான் வந்தேன்.

எரிவாயுவின் குணம்

நம்முடைய பாட்டிமார் விறகு அடுப்பில் சமைத்தார்கள். விறகு அடுப்பு தன் கெடுதலை மறைக்காது. புகை கண்ணைக் கரிக்கும், இருமல் வரும், பொறி பறப்பது தெரியும். எரிவாயு அப்படியல்ல. அதற்கு நிறமில்லை. இயற்கையில் மணமும் இல்லை.

நம் நாட்டுச் சிலிண்டரில் இருப்பது புரொப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு வாயுக்களின் கலவை. அழுத்தத்தால் அதைத் தண்ணீர் போலத் திரவமாக்கி அடைத்திருக்கிறார்கள். ஒரு லீற்றர் திரவம் வெளியே வந்தால் ஏறத்தாழ 250 லீற்றர் வாயுவாக விரியும்.

இந்த இரண்டு வாயுக்களும் காற்றை விடப் பாரமானவை. புரொப்பேன் காற்றைப் போல ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு. அப்புத்தளையில் இருப்பவர்களுக்கு இதை விளக்குவது லேசு. மாலையில் மூடுபனி எப்படி வருகிறது? கணவாயைக் கடந்து, தரையைத் தடவிக்கொண்டு, தேயிலைக்கு மேலால் பள்ளத்துக்கு இறங்குகிறது. கசிந்த எரிவாயுவும் அப்படித்தான் போகும். மேலே எழும்பிக் கூரை வழியே போய்விடாது. தரையில் படிந்து, கதவுக்கு அடியால் புகுந்து, கானில் இறங்கி, கீழ் லயத்து வாசலுக்கும் போகும். கண்ணுக்குத் தெரியாத மூடுபனி என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு கசிந்தால் ஆபத்து? காற்றின் 100 பங்கில் ஏறத்தாழ 2 பங்கு எரிவாயு கலந்தால் ஒரு பொறி போதும், பற்றிவிடும். அதற்குக் குறைந்தால் பற்றாது. ஏறத்தாழ 9 பங்குக்கு மேல் போனாலும், காற்றுப் போதாமல், பற்றாது. ஆனால் கதவைத் திறந்ததும் அது கலைந்து மீண்டும் பற்றும் அளவுக்கு வந்துவிடும்.

இதை நம் காம்பராவில் வைத்துக் கணக்குப் பார்ப்போம். பழைய லயக் காம்பரா 10 அடிக்கு 12 அடி. உயரம் 8 அடி என்று வைப்போம். காம்பரா முழுவதும் 2 பங்கு எரிவாயு கலக்க ஏறத்தாழ 1.2 கிலோ போதும். பெரிய சிலிண்டரில் 12.5 கிலோ இருக்கிறது. அதாவது பத்தில் ஒரு பங்கு. ஆனால் அது தரையில் படியும் என்று சொன்னேனே? தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்கு மட்டும் நிறைய வேண்டுமென்றால் 150 கிராம் போதும். பாயில் படுத்திருக்கும் பிள்ளையின் உயரம் அந்த ஓர் அடிதான். குப்பி விளக்கைத் தரையில் வைக்கும் உயரமும் அதுதான்.

நம் மூக்குதான் முதல் கருவி

எரிவாயுவுக்கு மணமில்லை என்றால், அழுகின முட்டைக்கோவா போன்ற அந்த நாற்றம் எங்கிருந்து வருகிறது? அது வேண்டுமென்றே சேர்க்கப்படுவது. எதில் மேர்கப்டன் என்ற பொருளைத் துளியளவு கலக்கிறார்கள். எரிவாயு பற்றும் அளவின் ஐந்தில் ஒரு பங்கை எட்டும் முன்பே சாதாரண மூக்குக்கு நாற்றம் தெரிய வேண்டும் என்பதுதான் பல நாடுகளிலும் உள்ள விதி.

இந்த நாற்றம் எவ்வளவு முக்கியம் என்பது 2021இல் நாட்டுக்கே தெரிந்தது. அந்த வருடம் நவம்பர், டிசம்பரில் நாடு முழுவதும் வீடுகளில் எரிவாயு அடுப்புகள் வெடித்த செய்திகள் நூற்றுக்கணக்கில் வந்தன. உயிர்களும் போயின. பேராசிரியர் சாந்த வல்பொல தலைமையில் 8 பேர் கொண்ட குழுவை ஜனாதிபதி நியமித்தார். சிலிண்டருக்குள் இருந்த கலவையின் விகிதம் மாறியதே பிரதான காரணம் என்று குழு சொன்னது. புரொப்பேன் கூடினால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். ஒரே வெப்பநிலையில் புரொப்பேனின் அழுத்தம் பியூட்டேனின் அழுத்தத்தை விட மூன்று மடங்குக்கும் மேல். பழைய குழாயும் தேய்ந்த ரப்பர் வளையமும் அதைத் தாங்குமா? அதே டிசம்பரில், மணம் தரும் பொருள் போதிய அளவு இல்லையென்று கப்பலில் வந்த எரிவாயுவை இறக்கவும் அனுமதி மறுக்கப்பட்டது. நாற்றம் வராத எரிவாயு அவ்வளவு ஆபத்தானது.

ஆனால் மூக்கை மட்டும் நம்ப முடியாது. மூக்கு தூங்கும். தூங்குகிற ஆளை நாற்றம் எழுப்பும் என்று நம்பி இருக்க முடியாது. தடிமன் பிடித்தால் மூக்கு வேலை செய்யாது. நம் ஊரில் தடிமன் இல்லாத வீடு எது? அதோடு மூக்கு பழகிவிடும். கொஞ்ச நேரம் அந்த நாற்றத்துக்குள் இருந்தால் நாற்றம் குறைந்துவிட்டது போலத் தோன்றும். குறைவது நாற்றமல்ல, மூக்கின் உணர்வுதான்.

என் சின்னம்மா வீட்டில் அப்படித்தான் நடந்தது. குளிர் காலம். கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. சின்னம்மாவுக்குத் தடிமன். குழாயில் எலி கடித்த ஓட்டை. இஸ்தோப்பில் விளையாடிக்கொண்டிருந்த பேரப்பிள்ளை தண்ணீர் குடிக்க உள்ளே வந்து, "அம்மாயி, என்ன நாத்தம்?" என்று கேட்டது. சின்னம்மா கையில் தீப்பெட்டி இருந்தது. அன்றைக்கு அந்த வீட்டின் உணர் கருவி ஐந்து வயதுப் பிள்ளை.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

எரிவாயுவைக் கண்டுபிடிக்கும் பிரச்சினை முதலில் நிலக்கரிச் சுரங்கத்தில் வந்தது. 1815இல் ஹம்ப்ரி டேவி என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, சுடரைச் சுற்றிக் கம்பி வலை போட்ட விளக்கு ஒன்றைச் செய்தார். வலை வெப்பத்தை இழுத்துக்கொள்வதால் சுடர் வெளியே தாவாது. சுரங்கத்தில் வாயு இருந்தால் சுடர் நீண்டு அதன் தலையில் நீலம் தெரியும். தொழிலாளி அதைப் பார்த்து வெளியேறுவார். இன்றைய கருவிகளும் ஏறத்தாழ அதையே செய்கின்றன. சுடருக்குப் பதில் மின்சாரம் வந்திருக்கிறது, அவ்வளவுதான். மூன்று வகையைச் சொல்கிறேன்.

முதலாவது, எரித்துப் பார்க்கும் வகை. தொழிற்சாலைகளில் அதிகம் இருப்பது இது. உள்ளே கடுகளவில் இரண்டு மணிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் முடி போன்ற பிளாற்றினக் கம்பிச் சுருள். மின்சாரம் பாய்ச்சி இரண்டையும் ஏறத்தாழ 500 பாகை வரை சூடாக்குகிறார்கள். ஒரு மணியில் மட்டும், எரிவதைத் தூண்டும் பலேடியம் போன்ற உலோகம் பூசியிருக்கும். எரிவாயு வந்தால் அந்த மணியின் மேல் சுடரில்லாமல் எரியும். மணி இன்னும் சூடாகும். சூடானால் கம்பியில் மின்சாரம் போவது கஷ்டமாகும். மற்ற மணி அப்படியே இருக்கும்.

கொழுந்து நிறுக்கும் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தட்டும் சமமாக இருந்தால் முள் நடுவில் நிற்கும். ஒரு தட்டில் பாரம் கூடினால் முள் சாயும். இங்கே இரண்டு மணிகளும் இரண்டு தட்டுகள். எரிவாயு ஒரு தட்டில் ஏறிவிட்டால் முள் சாய்கிறது, சத்தம் வருகிறது. வெயிலோ குளிரோ வந்தால் இரண்டு மணிகளுக்கும் ஒரேபோல வரும், அதனால் முள் சாயாது. இரண்டு மணி வைத்ததற்குக் காரணம் அதுதான். இந்தச் சூட்டில் வெளியே உள்ள வாயு பற்றாதா என்று கேட்பீர்கள். மணிகளைச் சுற்றி, டேவியின் விளக்கில் போலவே, நெருக்கமான உலோகத் தடுப்பு இருக்கிறது. காற்று போகும், சுடர் வராது.

இரண்டாவது, வீட்டுப் பெட்டிகளில் அதிகம் இருக்கும் வகை. ஜப்பானில் வீடுகளுக்குச் சிலிண்டர் எரிவாயு பரவி, விபத்துகளும் பெருகிய காலத்தில் நவோயோஷி தகுச்சி என்பவர் 1962இல் இதை உருவாக்கினார். ஆக, இந்தக் கருவி பிறந்ததே வீட்டு அடுப்படிக்காகத்தான். உள்ளே வெள்ளீய ஒட்சைட்டுத் தூள் படலம் ஒன்று இருக்கும். அதையும் சூடாக்கி வைத்திருப்பார்கள். நல்ல காற்றில் உள்ள ஒட்சிசன் அந்தப் படலத்தின் மேல் ஒட்டிக்கொண்டு மின்சாரத்தைப் போகவிடாமல் பிடித்து வைத்திருக்கும். கேற்றைச் சாத்திய காவல்காரன் மாதிரி. எரிவாயு வந்தால் ஒட்சிசனை அது இழுத்துக்கொண்டு போய்விடும். கேற் திறக்கும், மின்சாரம் பாயும், பெட்டி அலறும்.

மூன்றாவது, ஒளியால் பார்க்கும் வகை. நம் கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ்க் கதிரை ஒரு பக்கத்திலிருந்து அனுப்பி மறுபக்கத்தில் அளப்பார்கள். நடுவில் எரிவாயு இருந்தால் அந்தக் கதிரில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். விழுங்கிய அளவை வைத்து வாயுவின் அளவு தெரியும். இது விலை கூடியது. பெரிய நிலையங்களில் இருக்கும்.

எவ்வளவு வந்தால் அலறும்?

இந்த மலையில் மழைமானியைப் பற்றித் தெரியாதவர்கள் இப்போது இல்லை. 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இரு. 100ஐத் தாண்டினால் தயாராக இரு. 150ஐத் தாண்டினால் வெளியேறு. மண் சரியும் வரை காத்திருந்து மணி அடிப்பதில்லை. அதற்கு முன்பே அடிக்கிறார்கள்.

எரிவாயுக் கருவியும் அப்படியே. பற்றத் தொடங்கும் அளவை 100 என்று வைத்துக்கொண்டால், தொழிற்சாலைக் கருவி வழக்கமாக 20 வந்ததும் முதல் சத்தம் போடும். 40 வந்ததும் இரண்டாவது சத்தம் போட்டு வாயு வரும் குழாயையே மூடிவிடும். வீட்டுப் பெட்டிக்கு ஒரே சத்தம்தான், அதுவும் 20 அளவிலோ அதற்கு முன்போ வரும். ஆகவே சத்தம் வந்தால் "வெடிக்கப் போகிறது" என்று கலங்க வேண்டாம். "நேரம் இருக்கிறது, போ" என்று பெட்டி சொல்கிறது.

ஒன்றை மறக்கக் கூடாது. சத்தம் தானாக நின்றால் ஆபத்து போய்விட்டது என்று நினைத்து உள்ளே போகாதீர்கள். எரித்துப் பார்க்கும் கருவிக்கு எரிக்கக் காற்று வேண்டும். எரிவாயு மிக அதிகமாகி ஒட்சிசன் குறைந்தால் அதனால் எரிக்க முடியாது. முள் கீழே இறங்கிவிடும். மின்சாரம் போனாலும் பெட்டி வாய் மூடிவிடும்.

பெட்டியை எங்கே, எப போது பூட்டுவது?

தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், சிலிண்டரும் அடுப்பும் இருக்கும் அதே அறையில், அவற்றிலிருந்து சில அடி தள்ளிப் பூட்டுங்கள். புகைக் கருவியைப் போல உயரத்தில் பூட்டினால் எரிவாயு அதற்குக் கீழே நிறைந்துகொண்டிருக்கும், பெட்டி பச்சை வெளிச்சத்தோடு சும்மா இருக்கும். அலுமாரிக்குப் பின்னால், கதவுக் காற்று அடிக்கும் இடத்தில், பாத்திரம் கழுவும் தண்ணீர் தெறிக்கும் இடத்தில் வைக்காதீர்கள்.

புதிய வீட்டுக்குப் போகிறவர்கள் கவனியுங்கள். வர்ணம் பூசி, தின்னர் மணம் போகாத வீட்டில் பெட்டியைப் பூட்டினால் அது ஓயாமல் அலறும். ஜன்னல் கண்ணாடிக்கும் தொட்டிக்கும் பூசும் சிலிக்கோன் பசை அதை விட மோசம். அது அலற வைக்காது, உணரும் பகுதியின் மேல் படிந்து அதைச் செத்துப்போகச் செய்யும். பச்சை வெளிச்சம் எரியும், ஆனால் கருவிக்கு எதுவும் தெரியாது. எல்லாப் பூச்சும் நன்றாகக் காய்ந்த பிறகு பூட்டுங்கள்.

பூட்டிய பிறகும் சில நேரம் அது ஏமாறும். நுளம்பு மருந்து, சென்ட், சாராயம், ஸ்பிரிட் ஆகியவற்றின் ஆவிக்கும் அலறலாம். அப்போது என்ன செய்வோம்? "இதுக்கு வேற வேல இல்ல" என்று பிளக்கைக் கழற்றிவிடுவோம். நான் வேலை செய்த ஓரிடத்திலேயே, அடிக்கடி சத்தம் போடுகிறதென்று ஒரு கருவிக்குப் பொலித்தீன் பை கட்டியிருந்ததைக் கண்டேன். எத்தனை நாள் அப்படி இருந்ததோ! பொய்ச் சத்தம் தொல்லைதான். ஆனால் பத்துத் தடவை சும்மா வெளியே வந்து நிற்பதால் எதையும் இழக்க மாட்டோம்.

பெட்டியில் இருக்கும் பொத்தானை வாரம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அது சத்தம் போடும் பகுதி சரியா என்று மட்டுமே சொல்லும். உணரும் பகுதி சரியா என்று சொல்லாது. அதற்காக லைட்டரைப் பிடித்துச் சோதிக்காதீர்கள், அளவுக்கு மிஞ்சிய வாயு உணரும் பகுதியைக் கெடுக்கும். பெட்டியின் பின்னால் எந்தத் திகதி வரை பாவிக்கலாம் என்று எழுதியிருக்கும். பெரும்பாலும் ஐந்து வருடம் அல்லது அதை அண்டி. திகதி போனால் மருந்தைப் போல அதையும் விட்டுவிட வேண்டும்.

இன்னொன்று. எரிவாயுப் பெட்டி காபனோரொட்சைட்டுக்குப் பாதுகாப்பு அல்ல. குளிருக்காகக் கரிச் சட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினால் வருவது அந்த நஞ்சு. அதற்கு மணமே இல்லை. அதற்கு வேறு கருவி வேண்டும். கருவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கரிச் சட்டியோடு யாரும் தூங்கக் கூடாது.

விட்டுவிட்டு வந்த சிலிண்டர்

அவசரத்தில் வந்தபோது சிலிண்டரை விட்டுவிட்டு வந்திருப்பீர்கள். மண்ணில் புதைந்தோ தண்ணீரில் கிடந்தோ இருந்த சிலிண்டரைக் கழுவித் துடைத்து உடனே பூட்டாதீர்கள். வாய்ப்பகுதியில் சேறும் துருவும் இருந்தால் ரெகுலேட்டர் சரியாக உட்காராது. அது வேலை செய்கிறதா என்று திறந்தும் பார்க்காதீர்கள். வெளியில், நிமிர்த்தி, நிழலில் வைத்து, விற்பனை முகவரிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். பழைய குழாயையும் ரெகுலேட்டரையும் மாற்றினால் நல்லது. எலி கடித்த, வெடிப்பு விழுந்த குழாய்க்குச் சேலைத் துணி சுற்றுவது வேண்டவே வேண்டாம்.

புதிய சிலிண்டர் பூட்டும் ஒவ்வொரு முறையும் சவர்க்கார நுரையை மூட்டில் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சியால் பார்ப்பது சாவைக் கூப்பிடுவது.

நாம் கடல் மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்கு மேலே இருக்கிறோம். குளிரில் திரவம் வாயுவாக மாறுவது மெதுவாகும். பியூட்டேனுக்கு அது இன்னும் கஷ்டம். அதனால் மார்கழி, தைக் காலையில் சுடர் சின்னதாகிவிடும். உடனே சிலிண்டரை வெந்நீரில் வைப்பதும், அடுப்புப் பக்கம் சாய்ப்பதும், படுக்கப் போடுவதும் நம்மவர் வழக்கம். சூடாக்கினால் உள்ளே அழுத்தம் எகிறும். படுக்கப் போட்டால் வாயுவுக்குப் பதில் திரவம் குழாய்க்கு வரும். அந்தத் திரவம் எத்தனை மடங்கு விரியும் என்று முதலிலேயே சொன்னேன். சுடர் சின்னதாக இருந்தால் தேத்தண்ணீர் பிந்தும், அவ்வளவுதான்.

சத்தம் வந்தால், அல்லது நாற்றம் வந்தால்

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பிள்ளைகளும் சேர்ந்து சொல்லிப் பாருங்கள்.

சுவிச்சைத் தொடாதே. போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இரண்டிலும் பொறி வரும். ரோச் லைற்றும் தொலைபேசியும் வெளியே போன பிறகுதான்.

அடுப்பு எரிந்தால் அணை. ரெகுலேட்டர் கைக்கு எட்டினால் மூடு. எட்டாவிட்டால் விடு.

போகிற வழியில் கதவைத் திறந்துவிட்டுப் போ. மேட்டுப் பக்கமாகப் போ, பள்ளத்துப் பக்கம் போகாதே.

இரண்டு பக்கத்துக் காம்பராக்காரர்களையும் கூப்பிடு. ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறோம், ஒரு வீட்டுக் கசிவு ஒரு லயத்தின் கசிவு.

வெளியே வந்த பிறகு தீயணைப்புக்கு 110, பொலிசுக்கு 119, காயம்பட்டிருந்தால் சுவசெரிய அம்புலன்சுக்கு 1990. சிலிண்டரிலோ ரெகுலேட்டரிலோ குறை இருந்தால் நுகர்வோர் அதிகார சபைக்கு 1977இல் முறையிடலாம்.

கேட்ட கேள்விகள்

"தம்பி, பெட்டி வாங்க வசதி இல்லாட்டி?" என்று ஓர் அம்மா கேட்டார். பெட்டி இல்லாத வீடுதான் அதிகம், அம்மா. இரவில் படுக்கும் முன் ரெகுலேட்டரை மூடுங்கள். அடுப்பை மட்டும் மூடினால் போதாது. சிலிண்டர் வைத்த இடத்தில் தரை மட்டத்தில் காற்றுப் போக வழி விடுங்கள், குளிருக்குச் சாக்கு வைத்து அடைக்காதீர்கள். காலையில் தீக்குச்சியை எடுக்கும் முன் கதவைத் திறந்து, குனிந்து ஒருமுறை மோந்து பாருங்கள். நின்றுகொண்டு மோந்தால் தெரியாது, அது கீழே இருக்கிறது.

"சாமி விளக்கை என்ன செய்வது?" என்று ஓர் ஐயா கேட்டார். சாமியும் சிலிண்டரும் ஒரே அறையில் வேண்டாம், ஐயா. வேறு வழியில்லாவிட்டால் விளக்கு உயரத்தில், சிலிண்டர் கதவுப் பக்கத்தில். இரவு முழுவதும் எரிய விடாதீர்கள்.

"சிலிண்டரை வெளியே வைத்துக் குழாயை உள்ளே இழுக்கலாமா?" என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல யோசனை. ஆனால் கானுக்குப் பக்கத்தில் வேண்டாம், மழைத் தண்ணீர் நிற்கும் குழியிலும் வேண்டாம். குழாய் சுவரைத் துளைத்து வரும் இடத்தில் உரசாமல் இருக்க வேண்டும்.

கடைசியாக

கொஸ்லந்தைப் பக்கம் மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலையில் நடந்தது உங்களில் பலருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சொந்தக்காரரை இழந்தவர்களும் இங்கே இருக்கலாம். 2005இலும் 2011இலும் அந்த மலை ஆபத்தானது என்று எச்சரித்திருந்ததாகப் பிறகு சொன்னார்கள். "சொன்னோம், அவர்கள் போகவில்லை" என்றும் சிலர் பேசினார்கள். எங்கே போவது? வேறு காணி இல்லாத, வேலையும் வீடும் ஒரே தோட்டத்தில் கட்டுண்ட சனத்துக்கு, "போ" என்ற சொல் மட்டும் போதுமா? எச்சரிக்கை என்றால் மணியும் வேண்டும், போக இடமும் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் அது எச்சரிக்கை அல்ல.

எரிவாயு விஷயத்தில் நமக்கு ஒரு நல்லது இருக்கிறது. போக இடம் இருக்கிறது. அது வாசலுக்கு வெளியே, மேட்டுப் பக்கம், இருபது முப்பது அடி தூரத்தில். யாரிடமும் காணி கேட்க வேண்டாம், கடிதம் எழுத வேண்டாம். நாமே போய் நிற்கலாம்.

ஆகவே வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அந்த இடத்தைப் பாருங்கள். கொய்யா மரத்தடியோ, பீலிக்கரையோ, கோயில் வாசலோ, எது என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். பிள்ளைகளை ஒருமுறை ஓடிப் போய் நிற்கச் சொல்லுங்கள். பக்கத்துக் காம்பராக்காரருக்கும் சொல்லுங்கள். பிறகு சிலிண்டரைப் பூட்டி, நுரை தடவிப் பார்த்து, முதல் தேத்தண்ணீரை ஊற்றுங்கள்.

எல்லோரும் நல்லபடியாகப் போய்ச் சேருங்கள்.